பெரட்டுக்களத்துச் சிலம்பம்

ஹட்டன் நிலையத்தை விட்டுக் கோச்சி புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் சிங்கமலைச் சுரங்கம் வந்துவிடும். அரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய அந்த இருட்டுக்குள் வண்டி அவசரமின்றி ஊர்ந்து செல்லும். மலைநாட்டுப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அங்கே ஒரு பந்தயம் இருந்தது. சுரங்கத்தின் வாயிலில் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ளவேண்டும். மறுவாயிலில் வெளிச்சம் கண்ட பின்னரே விடவேண்டும். அந்தப் பந்தயத்தில் நான் ஒருமுறையேனும் வென்றதில்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பாதிவழியில் 'புஸ்' என்று விட்டுவிடுவேன். எதிரே அமர்ந்திருக்கும் என் தகப்பனார் சிரிப்பார். "அடக்குறதுல என்னடா இருக்கு? விடத் தெரியணும்" என்பார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன.

2024ஆம் ஆண்டு பங்குனியில், நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். கண்டியிலே கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்துக் காலங்கழிப்பவன் நான், வயது நாற்பத்தாறு. இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருப்பதாகவும், நாள்தோறும் நடக்கவேண்டுமென்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். நடப்பதாக ஒப்புக்கொண்டு நடக்காமலிருந்தேன். கொட்டகலை நிலையத்தில் இறங்கித் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், மூன்று இடங்களில் நின்று இளைப்பாறிய பிறகே எனக்கு மேலே போக முடிந்தது. மூன்றாவது இடத்தில் நான் இடுப்பில் கைவைத்து நின்றபோது, கொழுந்து நிறைந்த கூடைகளை முதுகிலே தாங்கி, கூடைக்கயிற்றை நெற்றியிலே மாட்டிய பெண்கள் நால்வர் என்னைக் கடந்து மேலே சென்றனர். அவர்களுள் ஒருத்திக்கு என் வயதுக்குமேல் பத்து வயதாவது இருக்கும். தன் மருமகளைப் பற்றிய நீண்ட முறைப்பாடு ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஏறினாள். முறைப்பாடும் நிற்கவில்லை; கால்களும் நிற்கவில்லை.

மலைநாட்டுக் காற்றைப்பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஹட்டன் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். காற்றிலே ஒட்சிசனின் பங்கு கொழும்பிலும் ஐந்தில் ஒன்றுதான், நுவரெலியாவிலும் ஐந்தில் ஒன்றுதான். ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறைகிறது. நுவரெலியாவில் அது கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்களவே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவு. உல்லாசப் பயணிகளுக்கு இது தெரிவதில்லை. அவர்கள் வாகனத்தில் வந்து, ஏரிக்கரையில் உலாவி, ஸ்ட்ரோபெரி தின்று, குளிரைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். சரிவிலே கூடையோடு நிற்பவர்களுக்குத்தான் மூச்சின் விலை தெரியும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக, இந்த மெல்லிய காற்றை வைத்துக்கொண்டே அவர்கள் மலையை வென்றிருக்கிறார்கள்.

அவர்கள் வந்த கதை நேயர்களுக்குப் புதிதன்று. முதலில் கோப்பிக்காக வந்தார்கள். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளின் வரண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளின் பின்னே புறப்பட்டு, கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலையேறினார்கள். வழியில் மடிந்தவர் பலர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. பின்னர் மலை முழுவதும் தேயிலையாயிற்று. 1884இல் இருப்புப்பாதை ஹட்டனை எட்டியது. இவையெல்லாம் பாடநூல்களில் உண்டு. அந்த மனிதர்கள் மூட்டையிலே என்ன கொண்டு வந்தார்கள் என்பதைத்தான் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள். தப்பு கொண்டுவந்தார்கள். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் கொண்டுவந்தார்கள். சிலம்பத்தையும் கொண்டுவந்தார்கள். அதற்கு மூட்டையில் இடம் வேண்டியிருக்கவில்லை. வழிநடைக்கு ஊன்றி வந்த கோலே போதும்.

எங்கள் தோட்டத்தில் சிலம்பம் பழகிய இடம் பெரட்டுக்களம். தோட்டம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விடியற்காலையில் தொழிலாளர் எல்லாரும் வந்து கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுக்கும் இடமே பெரட்டுக்களம். பனியிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தம் பெயர் வரும்வரை பேசாமல் நிற்பார்கள். பிந்தி வந்தவரைத் திருப்பியனுப்புவதும் உண்டு. அதே களத்தில், அந்தியில் விளக்கு வைத்த பிறகு, ஆசான் நிற்பார். காலையில் கூனி நின்ற அதே ஆட்கள் மாலையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். சிறுவனாக லயத்துத் திண்ணையில் அமர்ந்து இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போது அதை வியப்பாக எண்ணத் தோன்றவில்லை.

என் தகப்பனார் அக்களத்திலே முதல் வரிசையில் நின்றவர்.

இப்போது ஆசானாக இருப்பவர் அவருடன் பழகியவர். அவரைவிட நான்கு வயது இளையவர். எழுபதைத் தாண்டிவிட்டார். நான் அவரைச் சித்தப்பா என்றே அழைப்பது வழக்கம். மெலிந்த உருவம், கணுக்காலில் அட்டை கடித்த பழைய தழும்புகள், வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த உதடு. 'உள்வலு' என்று மக்கள் சொல்வதை அவரிடம் கண்டவர்கள் பலர். இளைஞன் ஒருவன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிப்பார்த்ததையும், அவர் அசையாமல் நிற்க, தள்ளியவனே பின்னுக்குச் சறுக்கியதையும் நானே அன்று மாலை பார்த்தேன். கம்பைச் சுழற்றும்போது அவர் தோள்கள் ஏறி இறங்குவதில்லை. மார்பு விம்முவதில்லை. கம்பின் ஓசை மட்டும் 'விர்' என்று வளைந்து வளைந்து கேட்கும். கால்மணி நேரம் சுழற்றிவிட்டு வந்து அமர்ந்தவர், மூச்சு வாங்காமல், "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சித்தப்பா, இந்த வலு எங்கேயிருந்து வருகிறது?" என்றேன்.

"மண்ணுலேருந்து" என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்க படிச்சவுக. நீங்கதான் சொல்லணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

படித்தவன் என்ற முறையிலே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குக் கணக்கு வகுத்திருக்கிறார். உள்ளே இழுப்பது பதினாறு மாத்திரை, நிறுத்துவது அறுபத்து நான்கு, வெளியே விடுவது முப்பத்திரண்டு. இக்கணக்கை நான் விரல்விட்டு விளக்கியபோது கிழவர் மிகுந்த கவனத்துடன் கேட்டார். பின்பு சொன்னார்: "அது உக்காந்திருக்கவனுக்கு. நமக்கு முதுகுல கூட இருக்கு, கையில கத்தி இருக்கு, எதிர்த்தாப்புல கம்போட ஒருத்தன் நிக்கிறான். அறுபத்து நாலு எண்ணுறதுக்குள்ள அவன் மண்டையப் பொளந்துருவான். நாங்க நிறுத்துறதில்ல தம்பி. விடுறதத்தான் பழகுறோம்."

சுரங்கத்தில் என் தகப்பனார் சொன்ன சொல் சட்டென்று நினைவுக்கு வந்தது.

உள்வலு என்பதைப்பற்றி உலகில் பேச்சு மிகுதி. சீனர் அதைச் 'சீ' என்பர். யப்பானியர் 'கி' என்பர். இன்று மலைநாட்டு நகரங்களிலும் கராத்தே வகுப்புகள் உண்டு; வெள்ளை உடுப்பணிந்த பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அதற்குச் செல்கிறார்கள். அதிலே எனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. ஆனால், சீனத்துக் கலையெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதருமர் கொண்டுபோய்க் கொடுத்ததே என்று நம்மவர்கள் மேடைகளில் முழங்கும்போது எனக்குச் சற்றுக் கூச்சமுண்டாகும். 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்தபின் இம்முழக்கம் பெருகிவிட்டது. போதிதருமர் தென்னாட்டவர் என்ற மரபு பழையதே. அவர் பெயரால் வழங்கும் 'யி ஜின் ஜிங்' என்னும் உடற்பயிற்சி நூலோ 1624ஆம் ஆண்டளவில் எழுந்ததென்று சீன ஆராய்ச்சியாளரே காட்டியிருக்கின்றனர். அவர் காலத்துக்கும் அந்நூலுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. பிறர் வீட்டுப் பெருமையை நம் வீட்டுத் திண்ணையில் உலர்த்தவேண்டிய வறுமை நமக்கில்லை என்பது என் கருத்து. நம்முடைய பெரட்டுக்களத்தில் உள்ளதைப் பார்த்தாலே போதுமானது.

அண்டையயலாரையும் மறந்துவிடலாகாது. கண்டி இராச்சியத்துச் சிங்கள மக்களிடையே 'அங்கம்பொர' என்னும் போர்க்கலை வழங்கிவந்தது. 1818 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் அதைத் தடைசெய்தனர் என்றும், அது மறைவிலே பழகப்பட்டு உயிர்பிழைத்தது என்றும் கூறுவர். எங்கள் திருவிழாவுக்குக் கீழ்க்கிராமத்திலிருந்து வரும் சிங்களப் பெரியவர் ஒருவர், சிலம்பம் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு ஆடுபவரின் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். கலையறிந்தவர் கையைப் பார்ப்பதில்லை என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

மறுநாள் அந்தியில் சித்தப்பா என்னைக் களத்துக்கு அழைத்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். கம்பு தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. பாதங்களைத் தோளகலம் அகற்றி, முழங்கால்களைச் சற்று மடித்து நிற்கச் சொன்னார். அவ்வளவுதான். சிலம்பத்தில் கம்பு பின்னால் வருவது. முதலில் வருவது காலடி. பழைய ஆசான்மார் மாதக்கணக்கில் காலடி மட்டுமே பழக்குவார்களாம். நான் நின்றேன். ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கிற்று. இரண்டாம் நிமிடத்தில் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். கிழவர் தம் உள்ளங்கையை என் தொப்புளுக்குக் கீழே வைத்து, "இங்க இறுகிக் கெடக்கு. விடுங்க" என்றார். விட்டேன். "இன்னும் இருக்கு." மறுபடியும் விட்டேன். "அடிப்பானை இன்னும் காலியாகல." உள்ளே இருந்த காற்று முழுவதும் போனபின், நான் இழுக்காமலே புதுக்காற்று தானாக வந்து வயிற்றை நிரப்பியது. தொடை நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் அது வேறொருவருடைய நடுக்கம் போலத் தோன்றிற்று.

இதிலே மந்திரம் ஒன்றுமில்லை. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்ற தசைத்தட்டு இருக்கிறது. மூச்சை மேல்மார்பால் மட்டும் வாங்கினால் அத்தட்டு சரியாக இறங்குவதில்லை. பழைய காற்று அடியிலே தங்கிவிடுகிறது. முழுவதும் விட்டால், அடுத்த மூச்சு ஆழமாக வரும். ஓய்வாயிருக்கும் மனிதன் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறான்; விடும் நேரத்தை நீட்டினால் எண்ணிக்கை குறையும், இதயத்துடிப்பும் தணியும். வீசும்போது காற்றை விட்டு வயிற்றுத் தசைகளை இறுக்கினால் இடுப்பும் முதுகும் ஒரே தூணாகின்றன. பாதம் தரையை உந்தும் விசை தொடை, இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று ஒழுகிக் கம்பின் நுனிக்குப் போய்ச் சேருகிறது. கம்பு நின்றவன் நெற்றியை எட்டும் நீளமுடையது. கையின் சிறு திருப்பம் நுனியிலே பெருவேகமாகும். இடையில் எங்கேனும் ஒரு மூட்டு வீணாக இறுகி நின்றால் விசை அங்கேயே செத்துவிடும். சித்தப்பா 'மண்ணுலேருந்து' என்றது பௌதிகவியலின்படியும் சரியே. இளைஞன் தள்ளியபோது அவர் எதிர்த்துத் தள்ளவில்லை. வந்த விசையைத் தரைக்கு இறக்கிவிட்டார். தொடாமலே ஆளை வீழ்த்தும் ஆசான்மாரைப்பற்றிச் சிலர் கதை சொல்வதுண்டு. அதைச் சித்தப்பாவிடம் கேட்டபோது, "அப்பிடி ஒருத்தர் இருந்தா லயத்துக் கூரைக்குத் தகரம் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க, தொடாமலே" என்றார்.

இவ்வலுவை வளர்க்கும் வழியும் நீண்டதே தவிர மறைவானதன்று. முதலில் நிலை. பின்பு, நின்ற நிலை கலையாமல் அடியெடுத்து வைத்தல். பின்பு, அடிக்கு ஒரு மூச்சு என்று இணைத்தல். பின்பே கம்பு. மண்ணைத் தொட்டு வணங்கி வரிசையைத் தொடங்குவார்கள். அந்த வணக்கத்திலேயே குனியும்போது காற்று வெளியே போகிறது என்பதை நான் இத்தனை காலமும் கவனித்ததில்லை. நாற்பது நாளில் தொடை உறுதிப்படும், ஓர் ஆண்டில் தோள் இளகும், மூன்றாண்டில் மூச்சு தன்னால் அடியோடு சேரும் என்பது சித்தப்பாவின் கணக்கு. "அதுக்கப்புறம்?" என்றேன். "அதுக்கப்புறம் கோவம் கொறையும்" என்றார்.

இனி நான் சொல்லவேண்டியது எனக்குச் சுலபமாக எழுத வரவில்லை.

என் தகப்பனார் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிக் கட்டையாக்கவேண்டும், அதுவே கவ்வாத்து. குனிந்து நின்று, வளைந்த கத்தியால், ஒரே வீச்சில், கிளை பிளவுபடாமல் சாய்வாக வெட்டவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ செடிகள். வெட்டும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து 'ஹ்ம்' என்று காற்று வெளிப்படும். அது களைப்பின் முனகல் என்றே நான் எண்ணியிருந்தேன். மாலையில் பெரட்டுக்களத்தில் கம்பு வீசும்போதும் அதே 'ஹ்ம்'. இரண்டும் ஒரே மூச்சென்று சித்தப்பா சொல்லித்தான் அறிந்தேன். பகலெல்லாம் தோட்டத்துக்காக விட்ட மூச்சை மாலையில் தமக்காகவும் விட்டிருக்கிறார்.

எனக்குப் பதினொரு வயதானபோது அவர் எனக்காக ஒரு கம்பு செய்தார். மூங்கிலைத் தேர்ந்து, கணுக்களைச் சீவி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையில் பழுக்கவிட்டிருந்தார். அதே ஆண்டில் நான் நகரத்துப் பாடசாலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் அங்கே சக மாணவர் சிலர், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கம்பும் தப்பும்தான் தெரியும் என்று நகைத்தார்கள். அன்று மாலை தகப்பனார் கம்பை நீட்டியபோது, "எனக்கு வேண்டாம். நான் படிக்கப்போகிறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பைத் திரும்பவும் பரணிலே வைத்தார். பிறகு ஒருபோதும் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் படித்தேன், பட்டம் பெற்றேன், சங்க இலக்கியத்து வீரர்களின் தோள்வலியைப்பற்றி மாணவர்க்கு விரிவுரை செய்தேன். 2009இல் அவர் காலமானார்.

அந்தக் கம்பு எங்கே என்று அதன்பின் நான் கேட்டதுமில்லை.

என் தகப்பனாருக்கும் சித்தப்பாவுக்கும் ஆசானாக இருந்தவரின் கதை வேறு. 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆசானின் குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. எழுபதுகளின் நடுவில் அவர்கள் கோச்சியேறித் தலைமன்னாருக்குச் சென்று கப்பலேறினார்கள். ஹட்டன் நிலைய மேடையில் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருக்க, ஆசான் வண்டியின் வாசலில் நின்று, தம் சீடர்களை நோக்கி, இழுத்த மூச்சை மெல்ல மெல்ல வெளியே விட்டுக் காட்டினாராம். வேறு ஒன்றும் பேசவில்லையாம். அவர் நீலகிரியிலே, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் குடியேறியதாகக் கடிதம் வந்தது. அங்கும் மலை, அங்கும் தேயிலை. அங்கும் மாலையில் களம் கூட்டினார் என்று அடுத்த கடிதம் சொன்னது. மூன்றாவது கடிதம் வரவில்லை.

இதைச் சொன்னபோது சித்தப்பாவின் குரல் மாறவில்லை. அவர் தம் தொப்புளின் கீழே கையை வைத்துக்கொண்டதை மட்டும் கண்டேன்.

இந்த உள்வலுவினால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. வாக்குரிமை கிடைக்கவில்லை. 2003இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அதைக் கொண்டுவந்தவை தொழிற்சங்கங்களும் அரசியலும், கம்பு அன்று. காணி கிடைக்கவில்லை. லயத்துக் காம்பறா பெரிதாகவில்லை. இவ்வுண்மையை மறைத்து, சிலம்பமே நம் மக்களைக் காத்தது என்று எழுத என் கை வரவில்லை. ஆயினும், நாள் முழுவதும் தன் உடம்பு இன்னொருவருடைய கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒரு மனிதன், அந்தியில் ஒரு மணி நேரம் அவ்வுடம்பைத் தன்னுடையதாக நிறுத்திப் பார்ப்பது சிறிய காரியமும் அன்று. என் பாட்டனார் காலத்துத் துரை ஒருவர், இரவில் களத்திலே கம்புச் சத்தம் கேட்டால் நாயை அவிழ்த்துவிடுவாராம். எதற்கு அஞ்சினாரோ!

திருவிழாவன்று இரவு கரகம் பாலித்து, தப்பு முழங்க, அம்மன் ஊர்வலம் லயம் லயமாகச் சுற்றி வந்தது. பெற்றோமக்ஸ் விளக்குகளின் இடத்தில் இன்று மின்குழல் விளக்குகளும் அவற்றைத் தள்ளிவரும் மின்பிறப்பாக்கியும் இருந்தன. அதன் இரைச்சலில் தப்பின் அடி பாதி அமுங்கிற்று. களத்துக்கு வந்ததும் சித்தப்பா கையைக் காட்ட, அதை நிறுத்தினார்கள். இருட்டில் தீப்பந்தங்களுடன் பிள்ளைகள் இறங்கினார்கள். எண்ணிப்பார்த்தேன், ஒன்பது பேர். என் சிறுவயதில் முப்பதுக்குக் குறையாது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் மத்தியகிழக்குக்கும் போய்விட்டார்கள். களம் சிறுபிள்ளைகளோடு நிற்கிறது. ஒன்பதின்மரில் நால்வர் பெண்பிள்ளைகள். அது முன்பு இல்லாதது. அவர்களுள் ஒருத்தி, பதினான்கு வயதிருக்கும், இரு முனையிலும் தீ எரியும் கம்பைச் சுழற்றியபோது நான் அவள் கைகளைப் பார்க்கவில்லை. சிங்களப் பெரியவரைப்போலக் கால்களைப் பார்த்தேன். ஒவ்வோர் அடியிலும் 'ஹ்ம்' என்று ஒரு சிறு ஓசை. அவள் தாய் கூட்டத்தின் ஓரத்தில் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் நான் புறப்படும்போது சித்தப்பா தம் வீட்டுக்குள் அழைத்துப் போய்ப் பரணைக் காட்டினார். புகையேறிக் கறுத்த கம்பு ஒன்று அங்கே கிடந்தது. நெற்றியளவு நீளமில்லை, பதினொரு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு வெட்டியது. "ஒங்க அப்பாரு போறதுக்கு மொத வாரம் கொண்டாந்து குடுத்தாரு. வருவான், குடுன்னாரு" என்றார்.

நான் எட்டி எடுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல காலு. அடுத்த மாசம் வாங்க."

அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு முறை போய்வந்தேன். கண்டியில் விடியற்காலையில், வீட்டார் எழுவதற்கு முன், கொல்லைப்புறத்தில் நின்று பழகுகிறேன். தொடை இப்போது ஆறு நிமிடம் தாங்குகிறது. கொட்டகலைப் பாதையில் ஓரிடத்தில் மட்டுமே நிற்கிறேன்; அதுவும் காட்சியைப் பார்ப்பதற்காக என்று சொல்லிக்கொள்கிறேன். நான்காம் முறை சென்றபோது சித்தப்பாவுக்கு மார்கழிப் பனியில் இருமல் கண்டிருந்தது. அமர்ந்தபடியே என் காலடியைப் பார்த்தார். இடது குதிகால் தூக்குகிறது என்றார். பின்பு அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஐயாவுக்குக் குதிகாலு எப்புடி வைக்கிறதுன்னு காட்டு தாயி" என்றார். அவள் காட்டினாள். நான் கற்றுக்கொண்டேன்.

கம்பு இன்னும் பரணில்தான் இருக்கிறது. அடுத்த போயா விடுமுறைக்கு மறுபடியும் போகவேண்டும். கிழவரின் இருமலுக்குத் திப்பிலியும் பனங்கற்கண்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.